பெயரில்லாமல் புதைந்தவர்களுக்கு ஒரு பேரேடு



யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களில் "மலாயாக்காரர் வீடு" என்று இன்றும் சொல்லப்படும் வீடுகள் உண்டு. மலாயாவின் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் இறப்பர் தோட்டங்களிலும் உத்தியோகம் பார்த்தவர்கள் அனுப்பிய மணியோடரில் எழுந்த வீடுகள் அவை. அந்தக் காசில் கோயில்கள் திருத்தப்பட்டன. பள்ளிக்கூடங்களுக்குக் கட்டடம் வந்தது. பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் சேர்ந்தது. 1941 டிசம்பரில் யப்பானியப் படை மலாயாவில் இறங்கியதும் கடிதமும் காசும் நின்றன. 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. 1945இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவேயில்லை. வராதவர் எங்கே இறந்தார், எந்த நாளில் இறந்தார் என்று பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் இன்று தேடுகிறார்கள்.

இது யாழ்ப்பாணத்து உத்தியோகக் குடும்பங்களின் கவலை, தோட்டத் தொழிலாளியின் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். அந்தப் போர் விழுங்கிய தமிழரில் மிகப் பெரும்பாலானோர் உத்தியோகத்தர் அல்லர், தோட்டத் தொழிலாளர். நம்மைப்போல் லயத்தில் பிறந்து, கங்காணியின் கீழ் பேர் போட்டு, மரம் சீவி வாழ்ந்தவர்கள். அவர்களைத் தேடுவதற்கு இன்றுவரை யாரும் சரியாக இறங்கவில்லை. அதனால்தான் இந்த இதழின் தலையங்கத்தை இதற்கு ஒதுக்குகிறோம்.

நடந்தது என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

மலாயாவின் இறப்பரும் ஈயமும், பர்மாவின் எண்ணெயும் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பேரரசுகள் மோதிக்கொண்டன. ஒன்று வெள்ளைக்காரன் அரசு, மற்றது யப்பான் அரசு. மண்ணில் வாழ்ந்தவர்களை இரண்டுமே கேட்கவில்லை. பர்மாவில் இருந்த தன் படைக்குச் சாமான் அனுப்ப யப்பான் ஒரு ரயில் பாதை போட்டது. தாய்லாந்தின் பான்போங்கில் தொடங்கி பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீற்றர். காடும் மலையும் ஆறும் குறுக்கிட்ட வழி. 1942இல் தொடங்கிய வேலை 1943 ஒக்டோபரில் முடிந்தது. ஏறத்தாழ ஒன்றரை வருடத்தில் கையால் வெட்டி, கூடையால் மண் சுமந்து, அந்தப் பாதையைப் போட்டார்கள். தமிழ் மக்களின் வாயில் அதற்குச் "சயாம் மரண ரயில்" என்றே பெயர்.

அந்த வேலைக்கு 60,000க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளை யப்பானியர் கொண்டுபோனார்கள். அவர்களில் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். படங்களும் புத்தகங்களும் இவர்களைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆனால் அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், தமிழர். அவர்களில் இறந்தோர் சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கு மேல். அவர்களில் பெரும்பான்மையோர் இறப்பர் தோட்டத்துத் தமிழர்.

அவர்கள் எப்படிப் போனார்கள்? மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம் என்று சொன்னார்கள். போர் வந்ததும் வெள்ளைக்காரத் துரைமார் ஓடிவிட்டார்கள். இறப்பர் வாங்க ஆளில்லை. தோட்டத்தில் அரிசியும் இல்லை. பசியில் சிலர் பெயர் கொடுத்தார்கள். பெயர் கொடுக்க ஆளில்லாமல் போனதும் பலவந்தமாகப் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவை அடைத்து லொறியில் ஏற்றிய கதைகளைப் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சாமான் ஏற்றும் ரயில் பெட்டிகளில் பான்போங் வரை கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் நடக்க விட்டார்கள். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாகப் பரவியது. போர்க்கைதிகளின் முகாமில் அவர்களுடைய இராணுவ வைத்தியராவது இருந்தார். கூலி முகாம்கள் பலவற்றில் அதுவும் இல்லை. செத்தவரை இன்னும் சாகாதவர் தூக்கிக் குழியில் போட்டார்.

இந்தத் தொழிலாளர்கள் நமக்கு அந்நியரா? சேலம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, வட ஆற்காடு என்று நம் பாட்டன்மார் புறப்பட்ட அதே மாவட்டங்களிலிருந்துதான் அவர்களும் புறப்பட்டார்கள். மண்டபம் முகாம் வழியாக வந்தவர் கண்டிச் சீமைக்கு வந்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர் பினாங்குக்குப் போனார். ஒரே வீட்டில் அண்ணன் இங்கும் தம்பி அங்கும் போன குடும்பங்கள் உண்டு. கங்காணி, செக்ரோல், பெரட்டு என்று இரண்டு நாட்டுத் தோட்டத்துக்கும் ஒரே சட்டம், ஒரே பேச்சு. இந்திய அரசாங்கம் 1938இல் மலாயாவுக்கும் 1939இல் இலங்கைக்கும் கூலி ஆள் போவதைத் தடுத்தது. அதன்பின் அவரவர் இருந்த இடத்திலேயே போரில் சிக்கினார்கள். மலாயா விழுந்தபின் நேச நாடுகளுக்கு இறப்பர் தரும் பெரிய இடம் இலங்கைதான் என்றாயிற்று. களனிப் பள்ளத்தாக்கிலும் களுத்துறையிலும் நம்மவர் மரம் செத்தாலும் சரி என்று பாலை வடித்துக் கொடுத்தார்கள். அண்ணன் ஒரு பேரரசின் சக்கரத்துக்கு இறப்பர் கொடுக்க, தம்பி மற்றப் பேரரசின் தண்டவாளத்தின் அடியில் செத்தான்.

இனி, தேடுகிறவர்களின் நிலையைப் பார்ப்போம். தேடலிலும் வர்க்கம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து ரயில்வே உத்தியோகத்தருக்குச் சம்பளப் பதிவு இருந்தது, கடிதம் இருந்தது, ஸ்ரூடியோப் படம் இருந்தது. தோட்டத்துக் கூலிக்கு ஒரு நம்பர் இருந்தது. இருவரும் மலாயாவில் ஒரே மொழி பேசினாலும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. யப்பானியர் தோட்டத்துக்குத் தோட்டம் இத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டபோது பட்டியல் எழுத வேண்டி வந்தது கிராணிமாருக்கும் கங்காணிமாருக்கும். மிரட்டலில் எழுதியவரும் உண்டு, ஆளை ஒளித்துக் காப்பாற்றியவரும் உண்டு, வேண்டாதவன் பெயரை முதலில் போட்டவரும் உண்டு. இதை மறைத்துவிட்டு நாம் எல்லோரும் ஒன்றாகத் துன்பப்பட்டோம் என்று எழுதினால் அது வரலாறாகாது. அதே நேரம், கிராணியாகப் போனவரும் ரயில்வேக்காரரும் அதே காட்டில் செத்தார்கள் என்பதும் உண்மை. யாழ்ப்பாணத்துக் குடும்பம் இன்று தேடும்போது, அந்த முகாமின் கதையை அறிய அதற்குத் தோட்டத் தொழிலாளியின் நினைவு தேவை. நம் தேடலுக்கு அந்த வீட்டுப் பெட்டியில் இருக்கும் காகிதம் தேவை.

வராத மனிதர் விட்டுப்போன துன்பம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி மணமான பெண் தன் காணியைக்கூடக் கணவரின் சம்மதக் கையெழுத்தில்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. இல்லையென்றால் நீதிமன்றம் போக வேண்டும். கணவர் செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாத பெண் என்ன செய்வாள்? ஏழு வருடம் செய்தி இல்லையென்றால் இறந்தவராகக் கருதலாம் என்பது அன்றைய சட்டம். அதுவரை மகளின் சீதனம் நின்றது, மகனின் படிப்பு நின்றது. தாலியைக் கழற்றுவதா வைப்பதா என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதிலே இல்லை. இறந்த திதி தெரியாததால் ஆண்டுத் திவசம் இல்லை. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போய்ப் பொதுவாக எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். மலாயாத் தோட்டத்துப் பெண்களுக்கோ காணியும் இல்லை, கோடும் இல்லை. மரவள்ளி நட்டுப் பிள்ளைகளைக் காத்தார்கள்.

இப்போது கல்லறைகளுக்கு வருவோம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். புல் வெட்டி, பூ நட்டு, ஒவ்வொருவருக்கும் பெயர், படைப்பிரிவு, வயது எழுதிப் பராமரிக்கிறார்கள். சுங்காயிலும் தன்பியூசாயாட்டிலும் அப்படியே. அது நல்ல காரியம். அந்த வாலிபர்களும் தாய் பெற்ற பிள்ளைகள்தான். ஆனால் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்த ஆசியத் தொழிலாளருக்கு அப்படி ஒரு கல் இல்லை. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு விளைநிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் குவியலாக வெளியே வந்தன. அவை யாருடையவை என்று பெயர் சொல்ல ஒரு பட்டியல் இல்லை.

இது தற்செயல் அல்ல. செத்தவனில் யாருக்குப் பெயர் வேண்டும் என்று பேரரசுகள் முடிவுசெய்தே வைத்திருந்தன. முதலாம் உலகப் போரில் ஈராக்கில் இறந்தவர்களுக்கான பஸ்ரா நினைவகத்தில் அதிகாரிகளின் பெயர்கள் செதுக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் எண்ணிக்கையாக மட்டும் நின்றார்கள். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயர் இல்லாமலோ நினைவுச் சின்னமே இல்லாமலோ விடப்பட்டார்கள் என்று அந்த அறிக்கை சொல்கிறது. பெரும்பாலோர் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் சுமை தூக்கியவர்கள், வேலை செய்தவர்கள், படைக்குப் போனவர்கள். நூறு வருடம் கழித்தாவது ஒப்புக்கொண்டார்கள். அதுவும் சும்மா வரவில்லை. விடாமல் கேட்டவர்கள் இருந்ததால் வந்தது.

இழப்பீட்டின் கதையும் அதுதான். 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கை யப்பானிடம் போர் இழப்பீடு கேட்பதில்லை என்று அறிவித்தது. உலகம் அதைப் பெருந்தன்மை என்று பாராட்டியது, பாராட்டுக்குரியதும்தான். ஆனால் குடாநாட்டில் மணியோடர் நின்றுபோன வீட்டை யாரும் கேட்டுவிட்டு மன்னிக்கவில்லை. 1967இல் யப்பான் மலேசியாவுக்கு 25 மில்லியன் வெள்ளி பெறுமதியை ஈடாகக் கொடுக்க உடன்பட்டது. அது அரசுக்கும் அரசுக்கும் நடந்த கணக்கு. தண்டவாளத்தில் செத்தவனின் பிள்ளை கைக்கு அதில் எதுவும் வரவில்லை.

தோழர்களே, காகிதத்தின் அருமை நம்மைவிட வேறு யாருக்குத் தெரியும்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரிடம் கேட்டது என்ன? உன் தகப்பன் இந்த நாட்டில் பிறந்தான் என்று காட்டு. இல்லையேல் உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் பதிவு வைத்தார்கள்? காட்ட முடியாமல் போனவர் நாடற்றவரானார். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. எஞ்சியவர்களின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். உயிரோடு இருந்தவனிடம் பாட்டனின் காகிதத்தைக் கேட்ட அதே ஆட்சி முறைதான், செத்த பாட்டனுக்கு ஒரு காகிதமும் எழுதாமல் விட்டது. குடும்ப வரலாறு பணக்காரரின் பொழுதுபோக்கு என்று நாம் நினைக்க முடியாது. அது இல்லாததால் நாம் நாட்டையே இழந்தோம்.

குடாநாட்டில் காகிதம் இருந்தும் அழிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளியேறினார்கள். கையில் எடுத்தது உறுதியும் நகையும். மலாயாக் கடிதக்கட்டு அலுமாரியிலேயே கிடந்தது. பின்னர் அந்த வீடும் இல்லை. மலையகத்தில் 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்குப் போன நம் குடும்பங்களுக்கும் இதே கதிதான். பளைப் பகுதித் தென்னந்தோட்டங்களில் உழைத்த குடும்பங்களுக்கும் இதே கதிதான். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை ஏந்தி இன்றும் தெருவில் நிற்கும் தாய்மாருக்கு, பெயரில்லாத குழி என்றால் என்ன என்று நாம் விளக்கத் தேவையில்லை.

ஆனாலும் வழி முற்றாக அடைபடவில்லை. தேடுகிறவர்களுக்குச் சில வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, வீட்டுப் பெரியவரிடம் இன்றே கேட்டு எழுதுங்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர், போன வருடம், தோட்டத்தின் பெயர். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் தமிழ்ப் பெயர் ஒன்றும் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். ஆவணங்கள் ஆங்கிலப் பெயரில் இருக்கும். ஆச்சிக்குத் தெரிந்தது தமிழ்ப் பெயராக இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் இடம் பிடிபடும்.

இரண்டாவது, பெட்டியைத் திறந்து பாருங்கள். மணியோடர் துண்டு, சாதகம், கடவுச்சீட்டு, கல்யாண அழைப்பு. படத்தின் பின்பக்கத்தில் பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர் என்று ஸ்ரூடியோவின் முத்திரை இருக்கலாம். கோயில் மண்டபத்தில் உபயகாரர் பெயர் வெட்டிய கல்லும் ஓர் ஆவணம்தான்.

மூன்றாவது, யாழ்ப்பாணத்தில் அந்தியேட்டிக்கு அச்சிடும் "கல்வெட்டு" என்ற நினைவு மலர். இறந்தவரின் வம்ச வரிசை அதில் இருக்கும். "அன்னாரின் சகோதரர் மலாயாவில் காலமானார்" என்ற ஒரே வரி பெரிய கதவைத் திறக்கும். இப்படிப்பட்ட மலர்களையும் பழைய பத்திரிகைகளையும் நூலகம் நிறுவனம் எண்ணிம வடிவில் சேர்த்து இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. உதயதாரகை, இந்து சாதனம், ஈழகேசரி போன்ற பழைய பத்திரிகைகளிலும் மலாயாச் செய்திகளைத் தேடலாம். கிறிஸ்தவக் குடும்பமென்றால் கோயிற்பற்றின் ஞானஸ்நானப் பதிவையும் மிஷன் பள்ளிக்கூடங்களின் மாணவர் பதிவையும் கேளுங்கள்.

நான்காவது, படையில் சேர்ந்தவரென்றால் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையப் பட்டியலில் தேடலாம். சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் மட்டும் 24,000க்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. தமிழ்ப் பெயரை வெள்ளைக்காரன் எப்படி எழுதினான் என்று நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் தேசிய சுவடிகள் நிலையத்தில் போர்க்காலத்தைக் கண்டவர்களின் குரல்பதிவுகள் இருக்கின்றன. மலேசியாவில் சயாம் ரயிலில் பிழைத்தவர்களின் சாட்சியங்களைச் சேர்ப்பதற்கென்றே ஒரு குழு இயங்குகிறது. பிள்ளைகள் கைத்தொலைபேசியில் இவற்றைத் தேடிப் பார்த்துத் தர முடியும்.

ஐந்தாவது, கிடைக்காததையும் எழுதுங்கள். "இன்ன வருடத்துக்குப் பின் செய்தி இல்லை" என்பதும் ஒரு பதிவு.

அரசிடமும் கம்பனிகளிடமும் நமது கோரிக்கைகள் உண்டு. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபோது பழைய செக்ரோல்களும் பிறப்பு இறப்புப் பதிவுகளும் சேர்ந்தே போயின. தோட்டக் கந்தோர்களில் கறையான் தின்னும் அந்தப் புத்தகங்களை எரிக்கவோ எடைக்கு விற்கவோ கூடாது. தேசிய சுவடிகள் திணைக்களத்திடம் ஒப்படைக்க வேண்டும். படியெடுத்து, தொழிலாளி தன் பிரதேச செயலகத்திலேயே பார்க்கும்படி செய்ய வேண்டும். சயாம் ரயில் தொடர்பாகத் தாய்லாந்து, மலேசியா, யப்பான், பிரித்தானியா ஆகிய நாடுகளிடம் உள்ள தொழிலாளர் பட்டியல்களின் படிகளை இலங்கை அரசு கேட்டுப் பெற வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. மனம்தான் வேண்டும்.

பழைய கதை என்று இதை ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். வெளிநாட்டில் நல்ல சம்பளம் என்று முகவர்கள் சொன்னதை நம்பிப் போன இலங்கையர் பலர் ரஷ்யாவின் படையில் சேர்க்கப்பட்டு உக்ரேன் போர்முனைக்குப் போனார்கள். 554 பேர் சேர்க்கப்பட்டு 59 பேர் இறந்ததாக 2025இல் வெளிநாட்டலுவல்கள் அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். யாழ்ப்பாணத்து இளைஞர்களின் குடும்பங்களும் இப்படிச் சிக்கிய பிள்ளைகளுக்காக முறையிட்டன. மூன்று மாதம், நல்ல சம்பளம், சாப்பாடு இலவசம் என்ற அதே வார்த்தைதான் 1942இலும் சொல்லப்பட்டது. வெளிநாடு போகும் பிள்ளையின் கடவுச்சீட்டுப் படி, ஒப்பந்தப் படி, முகவரின் பெயர், போகும் இடம் எல்லாம் வீட்டில் ஒரு கொப்பியில் இருக்க வேண்டும். நாளைக்கு யாரும் அந்தப் பிள்ளையை நம்பராகத் தேடக்கூடாது.

ஆகவே நமது கிளைகளுக்கு ஒரு வேலை தருகிறோம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு பேரேடு வாங்கட்டும். மலாயாவுக்கோ பர்மாவுக்கோ போய்த் திரும்பாத உறவினர், போரில் இறந்தவர், செய்தியே இல்லாதவர் ஆகியோரின் பெயர்களை மாதர் அணியும் வாலிபர் அணியும் லயம் லயமாகப் போய் எழுதட்டும். குடாநாட்டிலும் வன்னியிலும் உள்ள நம் உறுப்பினர்கள் அயலிலுள்ள மலாயாக் குடும்பங்களிடமும் கேட்டு எழுதட்டும். அந்த வீட்டாரும் மனமுவந்து காட்டுவார்கள். சாதி கேட்கவேண்டாம், உத்தியோகம் கேட்டுத் தரம் பிரிக்கவேண்டாம். கிராணியின் பெயரும் கூலியின் பெயரும் ஒரே பக்கத்தில் வரட்டும்.

எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்களிடம் முதலில் போங்கள். அவர்கள் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது கேட்ட பெயர்கள் வேறெங்கும் எழுதப்படவில்லை. எழுதிய பக்கங்களின் படியை அடுத்த மே தினத்துக்கு முன் மாவட்டக் காரியாலயத்தில் சேர்ப்பியுங்கள். வந்த பெயர்களை இந்த மடலில் இதழுக்கு இதழ் வெளியிடுவோம்.